அச்சாளர் பிராங்கிளின்

பொழுது புலர்ந்ததும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழிக்கிறோம். மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்த்தே மருந்து அருந்துகிறோம். பேருந்தில் ஏறினால் ஒரு சிறு சீட்டு. வங்கிக்குச் சென்றால் ஒரு படிவம். உறவினர் இல்லத்தில் மணவினை என்றால் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். எண்ணிக் கொடுக்கும் பணமும் அச்சிட்ட தாளே. இவற்றுள் எதனையும் நாம் இலக்கியம் என்று போற்றுவதில்லை. அச்சுக்கலையின் பெருமையைப் பேசத் தொடங்கினால் நூல்களைப் பற்றியும் பதிப்புகளைப் பற்றியுமே பேசுகிறோம். கவிஞர்களாகிய நமக்கு அது இயல்பே. ஆயினும் அச்சின் பெரும்பகுதி நூலாவதில்லை. அது சிறு சிறு தாள்களாகி, மக்களின் கைகளில் புழங்கிக் கசங்கி மறைந்துபோகிறது.

இந்தச் சிறு தாள்கள் மனிதரின் அன்றாட வாழ்வுக்குள் எவ்வாறு புகுந்தன, புகுந்தபின் அவற்றை அச்சிடுவோர் தலையில் எத்தகைய பொறுப்பை ஏற்றின என்பவற்றை ஒரே மனிதரின் வாழ்வில் காண விரும்புவோர் பெஞ்சமின் பிராங்கிளினின் வரலாற்றைப் படிக்கலாம். மின்னலை ஆராய்ந்த அறிஞர், அமெரிக்க விடுதலையின் சிற்பிகளுள் ஒருவர், பிரான்சு நாட்டுக்குச் சென்ற தூதர் என்றே உலகம் அவரை அறியும். அவரோ தம்மை முதற்கண் அச்சாளர் என்றே கருதினார்.

மெழுகுவத்திக் கடையிலிருந்து அச்சகத்திற்கு

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகரம் அன்று இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாட்டில் இருந்தது. தந்தை ஜோசையா மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருக்கு மக்கள் பதினேழு பேர். ஆண்மக்களுள் இளையவர் பெஞ்சமின். இரண்டே ஆண்டுகள் பள்ளியில் பயின்ற அவர், பத்தாம் வயதில் தந்தையின் கடைக்கு வந்து சேர்ந்தார். கொழுப்பை உருக்குவதும் திரி நறுக்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. கையில் கிடைத்த காசையெல்லாம் நூலாக மாற்றும் பிள்ளையைக் கண்ட தந்தை, அவரை அச்சுத் தொழிலில் விடுவதே தக்கது என்று முடிவு செய்தார்.

மூத்த மகன்களுள் ஒருவரான ஜேம்ஸ் 1717இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் எழுத்துகளும் கொண்டுவந்து பாஸ்டனில் அச்சகம் நிறுவியிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெஞ்சமின் தம் அண்ணனிடம் தொழில் பயில ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். இருபத்தோராம் வயதுவரை அண்ணனுக்குக் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும் என்பது அதன் விதி.

அன்றைய அச்சுத் தொழில் கண்ணுக்கும் கைக்கும் கடுமையானது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பேழையிலிருந்து எடுத்து, இடவலம் மாறிய உருவில் வரிசையாகக் கோக்க வேண்டும். கோத்த பக்கத்தை இறுக்கிக் கட்டி, தோற்பந்தால் மை ஒற்றி, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து, நெம்புகோலை வலிந்து இழுக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, மீண்டும் அவற்றுக்குரிய அறைகளில் இட வேண்டும். ஒரு சொல்லை இவ்வாறு எழுத்தெழுத்தாகக் கையில் ஏந்தியவருக்கு அதன் எடை தெரியும். பிராங்கிளினின் உரைநடையில் வீண்சொல் குறைந்திருப்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

அம்மை வந்த ஆண்டு

1721இல் பாஸ்டன் நகரைப் பெரியம்மை பற்றியது. ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அந்நகரில் பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 844 பேர் மாண்டனர். அந்நாளில் ஒரு புதிய தடுப்புமுறை பேசப்பட்டது. அம்மைக் கொப்புளத்து நீரைச் சிறிதளவு எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி உட்செலுத்துவது அம்முறை. ஆப்பிரிக்காவில் இவ்வழக்கம் உண்டு என்பதை ஒனேசிமஸ் என்னும் அடிமை, தம்மை வைத்திருந்த காட்டன் மேதர் என்ற சமயகுருவுக்கு முன்னமே சொல்லியிருந்தார். மேதரின் தூண்டுதலால் சப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் அதைச் செய்து பார்த்தார். ஏறத்தாழ 240 பேருக்கு அம்மை குத்தப்பட்டது. அவர்களுள் இறந்தோர் அறுவரே. இயல்பாக நோய் கண்டோருள்ளோ நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் பிராங்கிளின் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். நியூ இங்கிலாந்து கூரண்ட் என்பது அதன் பெயர். சமயகுருமாரின் அதிகாரத்தை எதிர்ப்பதில் துணிவு காட்டிய அத்தாள், அந்தத் துணிவோடேயே அம்மை குத்துதலையும் எள்ளி நகையாடி எதிர்த்தது. பதினைந்து வயதுப் பெஞ்சமின் அந்த எழுத்துகளைக் கோக்கவும், அச்சிட்ட தாள்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் உதவினார். அது அவருடைய கருத்தன்று, அண்ணனின் தாள். ஆயினும் அந்த ஆண்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறு ஆண்டு, சைலன்ஸ் டூகுட் என்னும் கைம்பெண்ணின் பெயரால் பதினான்கு மடல்கள் அத்தாளில் வெளிவந்தன. நகரமே சுவைத்த அம்மடல்களை எழுதியவர் பதினாறு வயதுத் தம்பி என்பது அண்ணனுக்குத் தெரியாது. இரவில் அச்சகக் கதவின் கீழ் அவர் தாளைச் செருகிவிடுவார்; காலையில் அதையே தம் கையால் கோப்பார். உண்மை தெரிந்தபின் உறவு கசந்தது. அண்ணன் அடிக்கவும் தயங்கவில்லை. 1723 செப்டம்பரில், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பதினேழு வயதில் அவர் பாஸ்டனை விட்டு ஓடினார்.

கடையும் சரக்கும்

கையில் சில காசும், சட்டைப் பையில் திணித்த மாற்றுடையுமாக அவர் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். கைமர் என்பவரின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. தேய்ந்த எழுத்தும் பழுதான பொறியும் கொண்ட கடை அது. அம்மாநில ஆளுநர் அச்சகம் வைத்துத் தருவதாக ஆசை காட்டி இலண்டனுக்கு அனுப்பினார், வாக்குறுதி பொய்த்தது. இலண்டனில் பாமர், வாட்ஸ் என்போரின் பெரிய அச்சகங்களில் உழைத்துத் தொழிலின் நுட்பங்களையெல்லாம் கற்றுக்கொண்டு 1726இல் திரும்பினார். 1728இல் ஹியூ மெரிடித் என்ற பங்காளியுடன் சொந்த அச்சகம் தொடங்கினார்.

தொடக்க நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவரது இயல்பைக் காட்டும். ஒரு நாள் மாலை, கோத்து முடித்த பக்கங்கள் தவறிச் சரிந்து எழுத்தெல்லாம் குவியலாகிவிட்டன. நாளொன்றுக்கு இவ்வளவு வேலை என்று தமக்குத் தாமே அவர் வரையறுத்திருந்தார். ஆகவே அக்குவியலைப் பிரித்து, அறைகளில் இட்டு, முழுவதையும் மறுபடி கோத்த பின்னரே உறங்கச் சென்றார். இரவிலும் அந்தக் கடையில் விளக்கு எரிவதைக் கண்ட நகரத்தார் அவரை நம்பத் தொடங்கினர்.

அந்தக் கடையில் என்ன அச்சாயிற்று? பெருநூல்கள் சிலவே. விற்பனைப் பத்திரம், கடன் முறி, தொழில் பயிலும் ஒப்பந்தம் முதலியவற்றுக்கான படிவங்களைப் பெயரும் தொகையும் எழுத இடம் விட்டு அவர் அச்சிட்டு விற்றார். பிழையற்ற படிவம் அவர் கடையில்தான் கிடைக்கும் என்ற பெயர் பரவியது. ஓர் உழவர் நிலம் வாங்கவும், ஒரு தாய் தன் மகனைத் தொழிலில் சேர்க்கவும் அந்தத் தாள் வேண்டியிருந்தது.

அடுத்தது பணம். பொன்னும் வெள்ளியும் அருகிய அந்நாட்டில் காகிதப் பணம் தேவை என்று வாதிட்டு 1729இல் ஒரு சிறு நூலை அவர் எழுதி வெளியிட்டார். பின்னர்ப் பணத்தாள் அச்சிடும் வேலை அவருக்கே வந்தது. கள்ளப்பணத்தைத் தடுக்க அவர் ஒரு வழி கண்டார். மரத்தின் இலையொன்றைப் பதித்து, அதன் நரம்புகளை அப்படியே உலோக வார்ப்பில் எடுத்துப் பணத்தாளின் பின்புறம் அச்சிட்டார். எந்தக் கைவல்லவனாலும் இலையின் நரம்பை அச்சொட்டாகச் செதுக்க இயலாதன்றோ?

மூன்றாவது, ஆண்டுக் குறிப்பேடு. நம் பஞ்சாங்கத்திற்கு ஒப்பானது அது. ஞாயிறும் திங்களும் எழும் நேரம், வானிலை, சந்தை நாள், நீதிமன்றம் கூடும் நாள் ஆகியவை அதில் இருக்கும். ஏழை ரிச்சர்டு என்ற கற்பனை மனிதரின் பெயரால் 1732 இறுதியில் தொடங்கி, 25 ஆண்டுகள் அதை அவர் வெளியிட்டார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 படிகள் விற்றன. வேறு நூல் ஏதும் வாங்காத குடும்பங்களும் இதை வாங்கின. அதனை உணர்ந்த பிராங்கிளின், நாட்களுக்கு இடையே எஞ்சிய சிறு வெற்றிடங்களில் சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய பழமொழிகளை இட்டு நிரப்பினார். நாள் பார்க்க எடுத்தவர் ஒரு கருத்தையும் கண்டு சென்றார்.

1730இல் டெபரா ரீடு அவருக்கு வாழ்க்கைத் துணையானார். டெபரா கடையைக் கவனித்தார். அச்சிட்ட தாள்களை மடித்துத் தைத்தார். காகித ஆலைக்காரர்களுக்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தார். அந்நாளில் காகிதம் பழந்துணியிலிருந்தே செய்யப்பட்டது. ஊரார் உடுத்துக் கிழிந்த துணி தாளாகிப் படிவமாகவும் பணமாகவும் குறிப்பேடாகவும் அவர்கள் வீட்டிற்கே திரும்பிச் சென்றது. சார்ல்ஸ்டன் நகரில் பிராங்கிளினின் கூட்டாளி இறந்தபோது, அவர் மனைவி எலிசபெத் திமத்தி அந்த அச்சகத்தை ஏற்று நடத்தினார். கணவர் காலத்தில் குழம்பியிருந்த கணக்கு, மனைவி கையில் தெளிவாயிற்று என்று பிராங்கிளின் மனமாரப் பாராட்டியிருக்கிறார்.

எல்லாவற்றையும் அச்சிடலாமா?

1729இல் பென்சில்வேனியா கெஜட் என்ற செய்தித்தாள் அவர் கைக்கு வந்தது. 1731இல், அவர் அச்சிட்ட கப்பல் விளம்பரம் ஒன்று மதகுருமாரைப் புண்படுத்தியது. கண்டனங்கள் எழவே, அச்சாளர் சார்பில் ஒரு விளக்கம் எழுதினார். மாறுபட்ட கருத்துடைய எல்லாருக்கும் இடமளிப்பதே அச்சாளர் கடன். எவரையும் புண்படுத்தாதவற்றை மட்டுமே அச்சிடுவதென்றால் அச்சிட ஏதும் இராது என்பது அவ்விளக்கத்தின் சாரம். தனிமனிதரை இழிவுபடுத்தும் அவதூறுகளைத் தம் தாளில் அவர் ஏற்க மறுத்ததும் உண்டு. ஆகவே அவர் அறமறியாத வணிகர் அல்லர்.

ஆயினும் அதே தாளில், அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், தப்பியோடியவர்களைப் பிடித்துத் தருமாறு கோரும் விளம்பரங்களும் வந்தன. சிலவற்றில், வாங்க விரும்புவோர் அச்சாளரிடமே விசாரிக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். அடிமை முறையைக் கண்டித்து ரால்ப் சாண்டிபோர்டும் பெஞ்சமின் லேயும் எழுதிய நூல்களை அச்சிட்டவரும் அவரே. ஆனால் அந்நூல்களில் அச்சாளர் பெயர் இல்லை. அண்ணனிடமிருந்து தப்பியோடி வந்த ஒருவர், தப்பியோடிய பிறரைப் பிடித்துத் தரும் விளம்பரங்களுக்கு எழுத்துக் கோத்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அச்சுப்பொறி எல்லாவற்றையும் ஏற்கும். அதை இயக்குபவரும் அவ்வாறே இருந்துவிட முடியுமா என்ற கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

1736 நவம்பரில் அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அம்மை குத்துதலின் நன்மையைத் தந்தை நன்கு அறிந்திருந்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால், குணமாகட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. பிள்ளை அம்மை குத்தியதால்தான் மாண்டான் என்று ஊரில் வதந்தி எழுந்தது. அதை நம்பி, பிற பெற்றோர் தம் குழந்தைகளுக்கு அம்மை குத்தாமல் விட்டுவிடக்கூடும்.

மகனைப் புதைத்து ஆறு வாரமும் ஆகாத நிலையில், டிசம்பர் இறுதியில், பிராங்கிளின் தம் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தம் மகனுக்கு அம்மை குத்தப்படவில்லை என்றும், நோய் இயல்பாகவே வந்தது என்றும், அம்மை குத்துதல் பாதுகாப்பானது என்றே தாம் நம்புவதாகவும், உடல்நலம் தேறியதும் பிள்ளைக்குக் குத்த எண்ணியிருந்ததாகவும் அதில் தெரிவித்தார். தம் தவற்றைத் தாமே ஊரறியச் செய்த அறிவிப்பு அது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அண்ணனின் தாள் விதைத்த அச்சத்துக்கு, மகனை இழந்த தம்பியின் தாள் விடை கூறியது. 1759இல், இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதிய அம்மை குத்தும் முறை பற்றிய சிறு வெளியீட்டுக்குப் பிராங்கிளின் முன்னுரை எழுதினார். அது அமெரிக்க மக்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. பெருநூல்கள் சாதிக்காததை அந்தச் சில பக்கங்கள் எத்தனை வீடுகளில் சாதித்தனவோ!

தாளுக்கு வந்த வரி

1748இல் அச்சகத்தை டேவிட் ஹால் என்ற கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு அறிவியல், பொதுப்பணி எனத் தம் நாளை அவர் பகுத்துக்கொண்டார். 1757 முதல் பெரும்பாலும் இலண்டனில் குடியேற்ற நாட்டின் சார்பாளராக இருந்தார்.

1765 மார்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றம் முத்திரைத்தாள் சட்டத்தை இயற்றியது. செய்தித்தாள், துண்டு வெளியீடு, ஆண்டுக் குறிப்பேடு, நிலப் பத்திரம், உரிமச் சீட்டு, கல்லூரிப் பட்டயம், சீட்டாட்டச் சீட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி. செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். இந்தப் பட்டியலைப் படித்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் பிராங்கிளின் கடையில் இருந்த சரக்குப் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கும். அச்சு அன்றாட வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வியப்பு என்னவெனில், அந்த வரியின் சுமையை யாரைவிடவும் நன்றாக அறிந்திருக்க வேண்டிய பிராங்கிளினே முதலில் தவறாகக் கணித்தார். சட்டத்தை எதிர்த்துப் பேசினாலும், நிறைவேறியபின் மக்கள் பணிந்துவிடுவர் என்று எண்ணினார். தம் நண்பர் ஒருவரை முத்திரைத்தாள் வழங்கும் பதவிக்கும் பரிந்துரைத்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். பிலடெல்பியாவில் அவர் வீட்டைத் தாக்கக் கூட்டம் திரளும் என்ற அச்சம் எழுந்தபோது, டெபரா துப்பாக்கியுடன் வீட்டிலேயே நின்று காத்தார். பிராங்கிளின் தம் பிழையை உணர்ந்தார். 1766 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் முன் நின்று, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாக விடையளித்தார். மார்ச்சில் அச்சட்டம் நீக்கப்பட்டது. எளிய மக்கள் அன்றாடம் தொடும் தாளின்மேல் கை வைத்தால் பேரரசும் தடுமாறும் என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

இறுதி வரை அச்சாளர்

விடுதலைப் போரின்போது தூதராகப் பிரான்சு சென்ற அவர், பாரிசை அடுத்த பாஸியில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு அச்சகம் அமைத்தார். நண்பர்கள் சுவைக்கும் நகைச்சுவைக் கட்டுரைகளும், கடவுச்சீட்டுகளும், பிரான்சிடம் வாங்கிய கடனுக்கான உறுதிச்சீட்டுகளும் அங்கே அச்சாயின. எழுபது வயதைக் கடந்த அம்முதியவருக்கு அரசவை விருந்துகளைவிட மையின் மணம் உவப்பாய் இருந்தது போலும். பேரன் பெஞ்சமின் பாச்சேயையும் எழுத்து வார்ப்பிலும் அச்சுத் தொழிலிலும் பழக்கினார்.

1785இல் தாயகம் திரும்பிய அவரை அந்தப் பழைய கேள்வி எதிர்கொண்டது. இதற்குள் அவர் மனம் பெரிதும் மாறியிருந்தது. 1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளியைக் கண்டு, அவர்களின் அறிவாற்றல் பிற குழந்தைகளுக்குக் குறைந்ததன்று என்று தெளிந்திருந்தார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்க ஆவன செய்யுமாறு அமெரிக்கப் பேரவைக்கு அவர் ஒப்பமிட்ட விண்ணப்பம் சென்றது. ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர் அடிமை முறையை ஆதரித்து முழங்கினார். படுக்கையில் கிடந்த 84 வயது முதியவர் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். அல்சியர்சு நாட்டவர் ஒருவர் கிறித்தவர்களை அடிமைப்படுத்துவது சரியே என்று வாதிடுவது போல, அந்த உறுப்பினரின் வாதங்களையே திருப்பி எழுதிச் செய்தித்தாளுக்கு அனுப்பினார். மார்ச்சு 23 என நாளிடப்பட்ட அதுவே அவரது கடைசிப் பொது எழுத்து. பதினாறு வயதில் கைம்பெண்ணின் பெயரால் எழுதத் தொடங்கியவர், முடிவிலும் புனைபெயரில் எழுதியே விடைபெற்றார். அடுத்த 25ஆம் நாள், ஏப்ரல் 17இல் மறைந்தார்.

இளமையில் தமக்கென ஒரு கல்லறை வாசகம் அவர் புனைந்திருந்தார். உள்ளேடு கிழிந்து போன பழைய புத்தகத்தின் அட்டையாகத் தம் உடலை உருவகித்து, ஆசிரியர் திருத்திய புதிய பதிப்பாகத் தாம் மீண்டும் வெளிவரும் நம்பிக்கையை அதில் வைத்தார். ஆனால் கல்லறையில் இருப்பவை அவர் பெயரும் டெபராவின் பெயரும் ஆண்டும் மட்டுமே. 1788இல் எழுதிய இறுதி முறியில் தம்மை முதலில் அச்சாளர் என்றும், அதன் பின்னரே தூதர், மாநிலத் தலைவர் என்றும் குறித்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் நகரத்து அச்சாளர்களும் அவர்களிடம் தொழில் பயில்வோரும் நடந்து சென்றனர்.

திருத்திய பதிப்பு என்ற அந்த உருவகம் அவர் வாழ்வுக்கே பொருந்தும். மெய்ப்புத் திருத்துபவர் பிழையைக் கண்டு வெட்குவதோடு நிற்பதில்லை. திருத்தி மறுபடி அச்சிடுகிறார். பிராங்கிளின் அம்மைக்கு அவ்வாறு விடை எழுதினார், முத்திரைத்தாளுக்கும் எழுதினார், அடிமை முறைக்கும், மிகக் காலந்தாழ்ந்தேனும், எழுதினார். காலந்தாழ்ந்த திருத்தம் விற்கப்பட்டவர்களுக்கு விடுதலை தந்துவிடவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

பத்தாண்டுகளாக நம் வட்டமும் அச்சோடு உறவு கொண்டிருக்கிறது. கவிதைத் தொகுப்பு மட்டுமா? கூட்ட அழைப்பிதழ், துண்டறிக்கை, இரங்கற்குறிப்பு, இந்த மலர் என எத்தனையோ தாள்கள். அவற்றுள் பல கிழிந்து மறைந்திருக்கும். ஆனால் மறையும் முன் யாரோ ஒருவர் கையில் அது இருந்தது. அவர் அதை நம்பினார். சிறு தாளிலும் நம்பத்தக்க சொல்லையே அச்சிட வேண்டும், பிழைபட்டால் தாமே முன்வந்து திருத்த வேண்டும் என்பதை அந்த அச்சாளரின் வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக.